எலும்பும் தோலுமாக வந்த நாயைத் தேற்றுவது எப்படி?

செவலை என் வீட்டுக்கு வந்தபோது அதன் எடை 9 கிலோ 200 கிராம். அந்த உயரத்துக்கு 14 கிலோவாவது இருந்திருக்க வேண்டும் என்றார் மருத்துவர். பஸ் நிலையத்துக்குப் பின்னால், பூட்டிக் கிடந்த ஒரு டீக்கடையின் அடுப்பு மேடைக்குக் கீழே சுருண்டு கிடந்தது. விலா எலும்புகளைச் சாலையின் எதிர்ப்பக்கத்திலிருந்தே எண்ணிவிடலாம். யாரோ இரக்கப்பட்டு வைத்த பன்னும் பிஸ்கட்டும், சிரட்டையில் கொஞ்சம் பாலும் அதன் மூக்குக்கு நேராக இருந்தன. எறும்பு மொய்த்திருந்தது. செவலை எதையும் தொடவில்லை.

இப்படி ஒரு நாயைப் பார்த்தால், தூக்கிக்கொண்டு போய் வயிறு நிறையச் சோறு போட வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். நானும் அப்படிச் செய்தவன்தான். செவலைக்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு எடுத்து வந்த ஒரு கறுப்பு நாய்க்கு முதல் நாளே ஒரு குண்டான் பால்சோறு வைத்தேன். தலை நிமிராமல் தின்று முடித்தது. இரவெல்லாம் கழிச்சல். உடம்பு இளைத்ததால்தான் இப்படி என்று நினைத்து மறுநாள் இன்னும் கூடுதலாக வைத்தேன். மூன்றாம் நாள் பின்னங்கால்கள் தள்ளாடின. நான்காம் நாள் விடிவதற்குள் இறந்துவிட்டது. நெடுநாள் பட்டினி அதைக் கொன்றுவிட்டது என்று நம்பியிருந்தேன். நான் சோறு போட்ட விதமும் அதற்குக் காரணமாக இருந்திருக்கலாம் என்பது வெகு காலம் கழித்து ஒரு மருத்துவர் விளக்கியபோதுதான் புரிந்தது. முதல்முறையாக ஒரு நாயை எடுத்து வளர்க்கப் போகிற ஒருவருக்கு அந்த அனுபவம் நேரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

தூக்குவதற்கு முன்

சாப்பிடாத நாய் என்றாலே பசியில் வாடும் நாய் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். வாயிலிருந்து எச்சில் வடிகிறதா, தாடை தொங்கியிருக்கிறதா, தண்ணீரை விழுங்க முடியாமல் தவிக்கிறதா, குரல் மாறியிருக்கிறதா, காரணமில்லாமல் எதையாவது கடிக்கிறதா என்று தூரத்தில் நின்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் கையால் தொடாதீர்கள். அது வெறிநோயாக இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று எண்ணி வாய்க்குள் விரலை விடுவதைப் போன்ற ஆபத்து வேறில்லை. மீட்புப் பணியில் அனுபவமுள்ளவர்களையோ கால்நடை மருத்துவரையோ அழையுங்கள். கடித்தாலோ, கீறலில் எச்சில் பட்டாலோ 15 நிமிடம் சோப்புப் போட்டுக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய்த் தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படி எதுவும் இல்லையென்றால் ஒரு பழைய போர்வையை மேலே போட்டு, அதோடு சேர்த்துத் தூக்குங்கள். வலியில் இருக்கும் நாய் சாதுவாக இருந்தாலும் கடிக்கும்.

வீட்டுக்கு வந்தவுடன் குளிப்பாட்ட வேண்டாம். எவ்வளவு நாற்றம் அடித்தாலும் சரி. உடம்பில் கொழுப்பே இல்லாத நாய்க்குச் சூட்டைத் தக்கவைக்கத் தெம்பு இருக்காது. ஈரம் பட்டால் நடுங்கிச் சுருண்டுவிடும். ஈரத் துணியால் துடைத்தால் போதும். காற்று நேராக அடிக்காத ஒரு மூலையில் இரண்டு சாக்கை மடித்துப் போட்டு, மேலே பழைய சேலையை விரியுங்கள். வெறும் தரையில் படுத்தால் முழங்கை எலும்பும் இடுப்பெலும்பும் தோலைத் துளைத்துப் புண்ணாக்கிவிடும்.

தண்ணீர் உடனே கொடுக்கலாம், ஆனால் பக்கெட் நிறைய வைக்காதீர்கள். கால் டம்ளர் வைத்து, குடித்து அரைமணி நேரம் வாந்தி எடுக்காமல் இருந்தால் மறுபடி கால் டம்ளர். குளுக்கோஸ் பொடியைக் கரைத்துக் கொடுப்பது பலரிடம் உள்ள பழக்கம். பல நாள் பட்டினி கிடந்த நாய்க்கு அது நல்லதல்ல. காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

வீட்டில் ஏற்கெனவே நாய் இருந்தால் புதிதாக வந்ததை இரண்டு வாரமாவது தனி அறையில் வைக்க வேண்டும். தட்டு, துணி, துடைப்பம் எல்லாம் தனி. நாய்களுக்கு வாந்தியையும் இரத்தக் கழிச்சலையும் உண்டாக்கும் பார்வோ கிருமி நம் உள்ளங்கால் வழியாகவே ஒரு அறையிலிருந்து இன்னொரு அறைக்கு வந்துவிடும்.

மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்

முதல் வேளை உணவுக்கு முன்னாலேயே மருத்துவரைப் பார்த்துவிடுவது நல்லது. முடியாவிட்டால் மறுநாள் காலையிலாவது. தமிழ்நாட்டில் அரசு கால்நடை மருந்தகங்களும் மருத்துவமனைகளும் எல்லா மாவட்டங்களிலும் இருக்கின்றன. செலவு மிகக் குறைவு. சென்னையில் இருப்பவர்களுக்கு வேப்பேரியில் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. 1903-இல் தொடங்கிய கல்லூரி அது. காலையில் சீக்கிரம் போய்விட வேண்டும்.

நாய் இளைத்துப்போவதற்குப் பட்டினி மட்டும் காரணம் என்று நினைப்பதுதான் புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு. நம் தெருக்களில் திரியும் நாய்களிடம் திரும்பத் திரும்பக் காண்பவை மூன்று. ஒன்று, உண்ணிக் காய்ச்சல். பழுப்பு நிற நாய் உண்ணி கடிக்கும்போது எர்லிக்கியா, பபேசியா போன்ற கிருமிகள் இரத்தத்தில் நுழைகின்றன. காய்ச்சல் வரும், ஈறு வெளுக்கும், சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இரண்டு, கொக்கிப்புழு. குடல் சுவரைக் கவ்விக்கொண்டு இரத்தத்தை உறிஞ்சும். நாம் என்ன கொடுத்தாலும் உடம்பில் ஒட்டாது. மூன்று, வாய். உடைந்த பல், பல்லிடுக்கில் குறுக்காக மாட்டிய எலும்புத் துண்டு, ஈறில் சீழ். பசி இருந்தும் மெல்ல முடியாத நாய் தட்டருகே வந்து, முகர்ந்து, ஒரு வாய் எடுத்துக் கீழே போட்டுவிட்டுப் போகும்.

ஆகவே மருத்துவரிடம் எடை, காய்ச்சல், வாய், ஈறு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். நாயின் இயல்பான உடல் வெப்பம் சுமார் 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். நம் கைக்குச் சூடாகத் தெரிவதை வைத்துக் காய்ச்சல் என்று சொல்லிவிட முடியாது. இரத்தப் பரிசோதனையும் மலப் பரிசோதனையும் கேளுங்கள். பணம் இருந்தால் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் அளவுகளையும் பார்க்கச் சொல்லலாம். பி1 வைட்டமின் ஊசி தேவையா என்றும் கேளுங்கள். நெடும்பட்டினிக்குப் பிறகு உணவைத் தொடங்கும்போது அதற்கு முக்கியமான வேலை இருக்கிறது. குட்டியாக இருந்து, வாந்தியும் இரத்தக் கழிச்சலும் சேர்ந்து இருந்தால் பார்வோ பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது.

குடற்புழு மாத்திரையை நீங்களாகக் கடையில் வாங்கிப் போடாதீர்கள். எடை தெரியாமல் கொடுத்தால் அளவு தவறும். மிகவும் நொந்த நாய்க்கு எந்த மருந்தை எந்த நாளில் தொடங்குவது என்பது மருத்துவர் எடுக்க வேண்டிய முடிவு. நமக்கு வாங்கி வைத்திருக்கும் வலி மாத்திரைகளையும் கொடுக்கக் கூடாது. பாரசிட்டமால், இப்யூபுரூஃபன், டைக்லோஃபெனாக் எல்லாமே நாய்க்குக் கேடு செய்யக்கூடியவை.

எவ்வளவு இளைத்திருக்கிறது?

உங்கள் கையே அளவுகோல். கையை முஷ்டியாக மடக்கி, மேலே புடைத்திருக்கும் கணுக்களை மறு கையால் தடவிப் பாருங்கள். நாயின் விலா அப்படி இருந்தால் மிகவும் இளைத்திருக்கிறது. விரல்களை நீட்டிப் புறங்கையைத் தடவினால் எலும்பு தெரியும், ஆனால் குத்தாது. நல்ல உடம்புள்ள நாயின் விலா அப்படித்தான் இருக்க வேண்டும். உள்ளங்கையைப் போல மெத்தென்று இருந்தால் பருமன். மருத்துவர்கள் 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள். 4, 5 சரியான நிலை, 1 என்பது செவலை வந்த நிலை.

வயிறு மட்டும் பானைபோல உப்பி, முதுகெலும்பு தெரிந்தால் ஏமாந்துவிடாதீர்கள். குட்டிகளில் அது பெரும்பாலும் புழு. அதேபோல, சிப்பிப்பாறையும் கன்னியும் ஓட்டத்துக்கென்றே வந்த இனங்கள். நல்ல ஆரோக்கியத்திலும் கடைசி இரண்டு மூன்று விலா எலும்பு தெரியும். அவற்றை லாப்ரடார்போல உருட்டித் திரட்ட நினைப்பது அந்த மூட்டுகளுக்குச் செய்யும் அநியாயம்.

எடை பார்க்க, நாயைத் தூக்கிக்கொண்டு எடை இயந்திரத்தில் நின்று, பிறகு நீங்கள் மட்டும் நின்று, கழித்துக்கொள்ளுங்கள். ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். இந்த நோட்டு இல்லாமல் மேற்கொண்டு எதையும் சரியாகச் செய்ய முடியாது.

முதல் ஐந்து நாள்: கையை இறுக்கிப் பிடிக்க வேண்டிய நாள்கள்

உணவு கிடைக்காத உடம்பு தன் கொழுப்பையும் தசையையும் எரித்து உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தக் காலத்தில் பாஸ்பரஸ், பொட்டாசியம், மெக்னீசியம் போன்ற தாது உப்புகள் கரைந்து தீர்ந்துபோகும். இரத்தத்தில் மட்டும் ஓரளவு சரியாக இருப்பதுபோலத் தெரியும். திடீரென்று சோறோ சர்க்கரையோ பெருமளவில் உள்ளே போனால் இன்சுலின் சுரக்கும். அது சர்க்கரையோடு சேர்த்து அந்த உப்புகளையும் இரத்தத்திலிருந்து திசுக்களுக்குள் இழுத்துக்கொள்ளும். இரத்தத்தில் அவை சரிந்தவுடன் இதயம் தடுமாறும், மூச்சுத் தசை சோரும், சிவப்பணுக்கள் உடையும். இரண்டாம் உலகப் போர் முடிந்து சிறை முகாம்களிலிருந்து மீட்கப்பட்டவர்களில் பலர் வயிறாரச் சாப்பிட்ட பிறகு இறந்தார்கள். மனிதனுக்கு நடந்தது நாய்க்கும் நடக்கும். குளுக்கோஸ் தண்ணீர் வேண்டாம் என்றதும், பால்சோற்றுக் குண்டானை நினைத்து நான் இன்றும் வருந்துவதும் இதனால்தான்.

கணக்கு எளிது. கைப்பேசியில் இருக்கும் கால்குலேட்டர் போதும். நாயின் இன்றைய எடையை (கிலோவில்) அதே எண்ணால் பெருக்கி, வருவதை மறுபடி அதே எண்ணால் பெருக்குங்கள், வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்துங்கள், 70-ஆல் பெருக்குங்கள். 9 கிலோ நாய்க்கு 9 × 9 × 9 என்றால் 729, முதல் அழுத்தலில் 27, இரண்டாவதில் 5.196, 70-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 360. சும்மா படுத்திருக்கும் நாய்க்கு ஒரு நாளில் தேவைப்படும் கலோரி இது. முதல் நாள் இதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரைதான் கொடுக்க வேண்டும். அங்கிருந்து படிப்படியாக ஏற்றி ஐந்தாம் நாள் முழு அளவுக்கு வரலாம். படுத்த படுக்கையாகக் கிடக்கும் நாய்க்கு இதையே ஒரு வாரம், பத்து நாள் என்று மருத்துவர் நீட்டச் சொல்வார். அப்படிப்பட்ட நாயை மருத்துவமனையில் வைத்துப் பார்ப்பதே நல்லது.

செவலைக்கு முதல் நாள் கொடுத்தது மொத்தமே 120 கலோரி. அதாவது, அவித்த முட்டை ஒன்று. எலும்பும் தோலும் இல்லாமல் வேகவைத்துப் பிய்த்த கோழிக்கறி 25 கிராம், ஒரு பெரிய நெல்லிக்காய் அளவு. இரண்டையும் பிசைந்து ஆறு பங்காக்கி, காலை 6 மணி முதல் இரவு 11 மணி வரை மூன்று, மூன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுத்தேன். ஒரு வேளைக்கு இரண்டு தேக்கரண்டிகூட வராது. என் அம்மா அதைப் பார்த்துவிட்டு, “வாயில்லா ஜீவனுக்கு இவ்வளவுதான் போடுவாயா?” என்று கண் கலங்கினார். அந்த நேரத்தில் மனத்தைக் கல்லாக்கிக்கொள்ள வேண்டும். இரண்டாம் நாள் 180, மூன்றாம் நாள் 240, நான்காம் நாள் 300, ஐந்தாம் நாள் 360. கழிச்சலோ வாந்தியோ வந்தால் அடுத்த படி ஏறாமல் முந்தைய அளவிலேயே ஒரு நாள் நின்று, மருத்துவருக்குச் சொல்லுங்கள்.

இந்த ஐந்து நாளில் வெறும் சோற்றைத் தவிர்த்து, புரதமும் ஓரளவு கொழுப்பும் உள்ளதைக் கொடுப்பதே பாதுகாப்பு. மருத்துவர்களிடம் கிடைக்கும் நோய்மீட்பு டப்பா உணவு இதற்கென்றே செய்யப்பட்டது; விலை அதிகம், வாங்க முடிந்தால் அதுவே மேல்.

தள்ளாட்டம், மூச்சிரைப்பு, கால் வீக்கம், வலிப்பு, கறுஞ்சிவப்பு நிறச் சிறுநீர் — இவற்றில் எது தெரிந்தாலும், நள்ளிரவாக இருந்தாலும், உடனே மருத்துவரிடம் போக வேண்டும். இரண்டாம் நாள் முதல் ஐந்தாம் நாள் வரை கூடுதல் கவனம் வேண்டும். அந்தக் கறுப்பு நாயின் கால் தள்ளாடியதும் மூன்றாம் நாள்தான்.

வைத்ததைத் தொடாவிட்டால்

வளர்ந்த நாய் ஒரு முழு நாள் எதையும் தொடாவிட்டாலும், குட்டி அரை நாள் சாப்பிடாவிட்டாலும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அதற்கிடையில் அது ஏன் மறுக்கிறது என்று கவனியுங்கள். எனக்குத் தெரிந்து முக்கியக் காரணங்கள் மூன்று: குமட்டல், வலி, பயம். மூன்றும் வெளியில் ஒன்றுபோலத் தெரியும்; கூர்ந்து பார்த்தால் பிரியும்.

குமட்டும் நாய் உதட்டை நக்கிக்கொண்டே இருக்கும், வெறும் வாயை விழுங்கும், எச்சில் ஒழுகும், சோற்றின் வாசனை பட்டவுடன் தலையைப் பக்கவாட்டில் திருப்பும். இந்த நிலையில் கெஞ்சி ஊட்டினால், அந்த உணவையே குமட்டலோடு சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். குணமான பிறகும் அதைச் சாப்பிடாது. குமட்டலை நிறுத்தும் மருந்து இருக்கிறது, கேட்டு வாங்குங்கள். பசியைத் தூண்டும் மருந்துகளும் உண்டு. காரணம் தெரிந்த பிறகு மருத்துவரே தருவார். ஊசிக்குழாயில் கஞ்சியை ஏற்றி வாயில் பீய்ச்சுவதை மட்டும் செய்யாதீர்கள். தெம்பில்லாத நாய்க்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

சில நேரம் நாம் கொடுக்கும் மருந்தே பசியைக் கெடுக்கும். உண்ணிக் காய்ச்சலுக்குப் பெரும்பாலும் டாக்சிசைக்ளின் மாத்திரையை மூன்று, நான்கு வாரம் எழுதுவார்கள். வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றைப் புரட்டும். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கும். அதை உணவோடுதான் கொடுக்க வேண்டும், உடனே கொஞ்சம் தண்ணீரும் உள்ளே போக வேண்டும். செவலை எட்டாம் நாள் திடீரென்று சாப்பாட்டை நிறுத்தியது இதனால்தான். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு நடுவில் கொடுக்கத் தொடங்கிய மறுநாளே சரியாகிவிட்டது. கசப்பு மாத்திரையைத் தட்டில் இருக்கும் முழு உணவிலும் பொடித்துக் கலக்காதீர்கள். ஒரு வாய்க்குள் ஒளித்து வையுங்கள். அதற்கு முன்னும் பின்னும் மாத்திரை இல்லாத வாய் இரண்டு.

மூக்கடைப்பும் ஒரு காரணம். நாய்க்கு வாசனை தெரியாவிட்டால் அது உணவே இல்லை. சளி காய்ந்து மூக்கு அடைத்திருந்தால் வெதுவெதுப்பான ஈரத் துணியால் ஒற்றியெடுங்கள். உணவையும் உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கிக் கொடுத்தால் மணம் எழும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே வைத்த கோழியை முகராமல் போன நாய், அதையே இரண்டு கரண்டி சுடுதண்ணீர் விட்டுப் பிசைந்து வைத்தால் எழுந்து வரும். உப்பு, மசாலா, வெங்காயம், பூண்டு எதுவும் போடாமல் கோழி எலும்பை வேகவைத்து வடித்த தெளிந்த சாறு இன்னும் நல்லது. எலும்பை எடுத்து எறிந்துவிட வேண்டும். ஒரு சுண்டைக்காய் அளவு ஈரலை நசுக்கித் தூவலாம். அதற்கு மேல் வேண்டாம்.

வலியால் மறுக்கும் நாயை, வாயைப் பற்றிச் சொன்னபோதே பார்த்தோம். அடுத்தது பயம். செவலைக்கு நான் வைத்தது எவர்சில்வர் தட்டு. மூக்கு விளிம்பில் பட்டவுடன் தட்டு தரையில் உரசிக் ‘கிறீச்’ என்றது. செவலை சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டது. இரண்டு வேளை அப்படியே போனது. மூன்றாம் வேளை எனக்கு ஒன்று தோன்றியது: இது வாழ்நாளில் தட்டில் சாப்பிட்டிருக்குமா? கொல்லையிலிருந்து ஒரு வாழை இலையைக் கிழித்து, கையளவுத் துண்டைத் தரையில் போட்டு, அதில் அந்த இரண்டு தேக்கரண்டியை வைத்துவிட்டு வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். சற்று நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு நகம் தரையில் படும் சத்தம், இலை சரசரக்கும் சத்தம், நக்கும் சத்தம். திரும்பிப் பார்க்க எவ்வளவோ ஆசை. பார்க்கவில்லை.

தெருவில் வளர்ந்த நாய்க்கு மேலே குனிந்து நிற்கும் ஆளும், கண்ணைப் பார்க்கும் பார்வையும் மிரட்டல். பக்கவாட்டில் உட்காருங்கள், பேசுவதானால் தாழ்ந்த குரலில் பேசுங்கள். நேரம் மாறாமல், இடம் மாறாமல், ஒரே ஆள் கொடுங்கள். 15 நிமிடம் வைத்துவிட்டுச் சாப்பிடாவிட்டால் ஒன்றும் சொல்லாமல் எடுத்துவிடுங்கள். அடுத்த வேளைக்குப் புதிதாக வையுங்கள். வீட்டில் நான்கு பேரும் சூழ்ந்துகொண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் மூக்கருகே நீட்டினால் இருக்கிற கொஞ்சப் பசியும் ஓடிவிடும்.

இதற்கு நேர்மாறாக, சில நாய்கள் காணாததைக் கண்டதுபோல விழுங்கும். அவற்றுக்கு அகலமான தாம்பாளத்தில் பரப்பி வைத்தால் வேகம் குறையும். பட்டினி கிடந்த நாய் சாப்பிடும்போது உறுமினால் அடிக்காதீர்கள், தட்டைப் பிடுங்கிப் பார்க்காதீர்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

இரண்டாம் வாரம் முதல்

இப்போது கணக்கு மாறும். இருக்க வேண்டிய எடைக்கு அதே முறையில் கணக்குப் போட்டு, ஒன்றரை மடங்கு முதல் 1.6 மடங்கு வரை மெல்ல ஏற்றலாம். செவலைக்கு 14 கிலோ இலக்கு, கணக்கு 507, 1.6 மடங்கு என்றால் சுமார் 810. நான் 750-க்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டேன், அதற்கே உடம்பு பிடித்தது. ஆறு வேளையை நான்காக்கி, ஒரு மாதத்தில் மூன்றாக்கினேன்.

ஒரு நாள் சமையல் இதுதான்: 100 கிராம் அரிசியைக் குழைய வடித்த சோறு, எலும்பில்லாத கோழி 150 கிராம், அவித்த முட்டை இரண்டு, பரங்கிக்காய் 100 கிராம், ஒரு தேக்கரண்டி எண்ணெய். ஏறக்குறைய 750 கலோரி வரும். பரங்கிக்காய் மலத்தை இறுக்கிக் கொடுக்கும். மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும் நாளில் வேகவைத்து முள் நீக்கிக் கோழிக்குப் பதிலாகச் சேர்த்தேன். கருவாடு வேண்டாம், உப்பு. இரண்டாம் வாரக் கடைசியில் ஒரு கரண்டி புளிக்காத தயிர் கொடுத்துப் பார்த்தேன், ஒத்துக்கொண்டது.

இந்தச் சாப்பாட்டில் ஒரு பெரிய குறை உண்டு: சுண்ணாம்புச் சத்து போதாது. மாதக்கணக்கில் கோழியும் சோறும் மட்டும் கொடுத்தால் எலும்பு நோகும், குட்டிகளுக்குக் கால் வளையும். முட்டை ஓட்டுப் பொடியோ கால்சியம் மருந்தோ எவ்வளவு என்று மருத்துவரிடம் அளவு கேட்டுச் சேருங்கள். அல்லது பாதியைக் குட்டிகளுக்கான கடை உணவாக மாற்றுங்கள். வளர்ந்த நாய்க்கும் தேறும் காலத்தில் குட்டி உணவு பொருந்தும், கொஞ்ச அளவில் நிறையச் சத்து இருக்கிறது. ஒரே நாளில் மாற்றாமல் ஒரு வாரத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்ற வேண்டும்.

கொடுக்கக் கூடாதவற்றில் முதலாவது நம் மிச்சக் குழம்பு. வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். உண்ணியும் புழுவும் ஏற்கெனவே இரத்தத்தைக் குடித்துவிட்ட நாய்க்குச் சாம்பார் சாதமும் பிரியாணி மிச்சமும் போடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போன்றது. திராட்சையும் உலர் திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். பாயசத்திலிருந்து ஒன்றிரண்டு என்றாலும் வேண்டாம். சாக்லேட் கூடாது. வெந்த எலும்பு சில்லுச்சில்லாக உடைந்து குடலைக் கிழிக்கும். வளர்ந்த நாய்கள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. சீக்கிரம் சதை பிடிக்கட்டும் என்று நெய்யை ஊற்றினால் கணையம் வீங்கிப் படுத்துவிடும்.

நோட்டு சொல்வது

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலை உணவுக்கு முன் எடை பாருங்கள். தினமும் பார்த்தால் மனம்தான் அலைபாயும். செவலை முதல் வாரம் 100 கிராம்தான் ஏறியது. மூன்றாம் வாரத்திலிருந்து வாரத்துக்கு 300 கிராம் சீராக ஏறியது. ஐந்தாம் வாரம் அப்படியே நின்றது. மறுபடி மலப் பரிசோதனை செய்தபோது புழு முட்டை இருந்தது. இரண்டாம் தவணை மருந்துக்குப் பிறகு மீண்டும் ஏறியது. ஒரு தவணையில் எல்லாப் புழுவும் போவதில்லை, இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டியிருக்கும் என்பதை நான் அப்போது கவனத்தில் வைத்திருக்கவில்லை.

எடையோடு மலத்தையும் ஒரு சொல்லில் எழுதுங்கள்: கட்டி, இளக்கம், தண்ணீர், சளி, இரத்தம். அளவுக்கு மீறிச் சாப்பிட்டும் எடை ஏறாமல், மலம் வெளிறி, எண்ணெய்ப் பசையோடு குவியலாகப் போனால் கணையத்தின் செரிமானச் சுரப்பு குறைவாக இருக்கலாம். அதற்குத் தனி மருந்து இருக்கிறது. மூன்று வாரம் சரியாகக் கொடுத்தும் எடை நகராவிட்டால் சோற்றைக் கூட்டுவதை நிறுத்திவிட்டுச் சிறுநீரகம், கல்லீரல், இதயப்புழு, சர்க்கரை என்று மேற்கொண்டு பார்க்கச் சொல்லுங்கள்.

இரண்டாம் வாரத்திலிருந்து நிழலில் ஐந்து நிமிட நடை. கரைந்துபோன தொடைத் தசை நடந்தால்தான் திரும்ப வரும். வெறும் சாப்பாட்டில் வருவது பெரும்பாலும் கொழுப்புதான். நாய் உட்கார்ந்துவிட்டால் இழுக்காமல் தூக்கி வந்துவிடுங்கள். தடுப்பூசியும் கருத்தடை அறுவையும் எப்போது என்பதை உடம்பின் நிலை பார்த்து மருத்துவர் சொல்வார். கருத்தடைக்கு அவசரப்பட வேண்டாம், வெறிநோய்த் தடுப்பூசியை மட்டும் அவர் சரி என்ற முதல் நாளே போட்டுவிடுங்கள்.

பதினேழாம் வாரம் செவலை 13 கிலோ 600 கிராம் காட்டியது. விலாவைத் தடவினால் புறங்கைபோல இருந்தது. அன்றிலிருந்து சோற்றைப் பத்தில் ஒரு பங்கு குறைத்து, இரண்டு வேளையாக்கி, எடை பார்ப்பதை மாதம் ஒருமுறை என்று மாற்றினேன். தட்டு இன்னும் பழகவில்லை. காலையில் நான் கொல்லைக்கு இலை கிழிக்கப் போகும்போது பின்னாலேயே வந்து வாழை மரத்தடியில் நின்றுகொள்கிறது.